உறங்கும் நாவும் அடைபடும் மூச்சும்



இலக்கணமும் இலக்கியமும் பேசி வந்த இத்தொடரில் இன்று நாம் ஒரு நோயைப் பற்றிப் பேச வந்துள்ளோம். உறக்கத்தில் தொண்டை அடைபட்டு, மூச்சு நின்று நின்று வரும் நோய் அது. நாம் மருத்துவர் அல்லோம். மொழியியல் கற்றுக் கற்பித்து ஓய்வு பெற்றோம். ஆயினும் இப்பொருளைத் தேர்ந்தமைக்கு இரு காரணங்கள் உண்டு. முதலாவது, இந்நோய் பிறக்கும் இடம் பேச்சு பிறக்கும் இடமே. நாவும் அண்ணமும் மிடறும் பகலில் எழுத்தொலிகளைப் பிறப்பிக்கின்றன. இரவில் அவையே சிலர்க்கு மூச்சின் வழியை மூடுகின்றன. இரண்டாவது, இந்நோயைக் கண்டறியும் பணி ஒரு வினாவில் தொடங்குகிறது. அவ்வினாவில் அமைந்த தமிழ்ச்சொல் பொருந்தாததாயின், நோயுள்ளவர் 'இல்லை' என்று விடையளித்துவிட்டு வீடு திரும்பிவிடுவார். எனவே இது மருத்துவர்களோடு மொழியாசிரியர்களும் பங்குகொள்ள வேண்டிய பொருளாகும்.

நோயும் அதன் பெயரும்

ஆங்கிலத்தில் 'ஸ்லீப் ஆப்னியா' என வழங்கும் தொடரின் பிற்பகுதி கிரேக்க மொழியிலிருந்து வந்தது. 'மூச்சின்மை' என்பது அதன் பொருள். பெரியவர்களுக்குப் பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சோட்டம் நின்றுபோவதை மருத்துவர்கள் இப்பெயரால் குறிக்கின்றனர். முற்றும் நில்லாமல் பெரிதும் குறைந்துபோவதும் உண்டு. அதனைக் 'குறைமூச்சு' எனலாம். ஒரு மணி நேர உறக்கத்தில் இவ்விரண்டும் எத்தனை முறை நேர்கின்றன என்று எண்ணி நோயின் அளவைக் கணிக்கின்றனர். ஐந்துக்குக் கீழ் எனில் இயல்பு. 5 முதல் 15 வரை இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. அதற்கு மேல் கடுமையானது.

இது இருவகைப்படும். மூச்சிழுக்கும் கட்டளையை மூளையே விடுக்காமற் போவது மைய வகை. கட்டளை பிறந்து, மார்பும் உதரவிதானமும் முயன்றும், தொண்டை மூடிக்கிடப்பதால் காற்று உட்செல்லாமற் போவது அடைப்பு வகை. பெரும்பாலோர்க்கு வருவது இவ்வடைப்பு வகையே. நமது உரையும் இதைப் பற்றியதே.

செய்தித்தாள்களிலும் துண்டறிக்கைகளிலும் இந்நோயைத் 'தூக்கத்தில் மூச்சுத்திணறல்' என்று எழுதுவதைக் காண்கிறோம். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. திணறல் என்பது உணரப்படுவது. திணறுகிறவர் தாம் திணறுவதை அறிவார், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், காற்று போதவில்லை என்பார். உறக்கத்தில் மூச்சு அடைபடுபவரோ பெரும்பாலும் அதை அறியார். மூச்சு நிற்கிறது, குருதியில் உயிர்வளி தாழ்கிறது, மூளை ஒரு கணம் விழிக்கிறது, தொண்டைத் தசைகள் இறுகி வழி திறக்கிறது, பெருங்குறட்டையோடு மூச்சு மீள்கிறது, உறக்கம் தொடர்கிறது. ஓர் இரவில் இது நூற்றுக்கணக்கான முறை நிகழினும், அந்தக் கணநேர விழிப்புகள் பெரும்பாலும் காலையில் நினைவில் இரா.

நம் உறவினராகிய முதியவர் ஒருவரிடம் பரிசோதனையின்போது 'தூக்கத்தில் மூச்சுத்திணறல் உண்டா?' என்று கேட்டார்கள். 'அதெல்லாம் இல்லை, படுத்ததும் தூங்கிவிடுவேன்' என்றார் அவர். அவர் பொய் சொல்லவில்லை. அறைக்கு வெளியே அமர்ந்திருந்த அவர் துணைவியாரோ, கணவரின் மூச்சு நிற்கும்போதெல்லாம் மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு பல ஆண்டுகளாக இரவுகளைக் கழித்தவர். அவரை எவரும் கேட்கவில்லை. ஆகவே 'திணறல்' என்னும் சொல்லை விடுத்து, 'உறக்க மூச்சடைப்பு' என்று இந்நோயை வழங்குதல் தகும் என்பது நம் கருத்து. இவ்வுரையிலும் அவ்வாறே வழங்குவோம்.

நகைப்பிலிருந்து ஆய்வுக்கு

இந்நோயின் வரலாறு ஒரு கதையிலிருந்து தொடங்குவது வியப்பன்று. 1836, 1837ஆம் ஆண்டுகளில் சார்லஸ் டிக்கின்ஸ் தொடராக எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' புதினத்தில் ஜோ என்னும் பருத்த பையன் வருகிறான். வேலை செய்துகொண்டிருக்கும்போதே உறங்கிக் குறட்டை விடுபவன் அவன். வாசகர்கள் அவனைக் கண்டு சிரித்தார்கள். நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, 1956இல், அமெரிக்க மருத்துவர் பர்வெலும் அவர்தம் குழுவினரும் சீட்டாட்டத்தில் வெல்லும் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே உறங்கிப்போன ஒரு பருத்த மனிதரைப் பற்றி எழுதினர். அந்நோய்க்குப் 'பிக்விக் நோய்க்குறித் தொகுதி' என்று பெயரிட்டனர். உடற்பருமனால் மூச்சு போதாமல் கரியமிலவாயு மிகுவதே அவ்வுறக்கத்துக்குக் காரணம் என அவர்கள் கருதினர்.

அவ்விளக்கத்தில் ஒரு குறை இருந்தது. நோயாளியை விழித்திருக்கும் நிலையில்தான் ஆராய்ந்தார்கள். விடையோ அவருடைய உறக்கத்தில் இருந்தது. 1965ஆம் ஆண்டில் பிரான்சில் காஸ்தோவின் குழுவினரும், ஜெர்மனியில் யுங், குலோ ஆகியோரும், தனித்தனியே, உறங்கும் நோயாளிகளின் மூளை அலைகளையும் மூச்சையும் ஒருங்கே பதிவுசெய்தபோது உண்மை வெளிப்பட்டது. அவர்கள் பகலில் உறங்கியது இரவில் உறங்காமையால். பின்னர் 1976இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கில்மினோவும் அவர்தம் குழுவினரும் இதனைத் தனி நோயாக வரையறுத்தனர். பருமன் இல்லாதவர்க்கும் இது வரும் என்பதும் தெளிவாயிற்று.

நம்மிடமும் ஒரு ஜோ உண்டு. கூடுதலாக உறங்குபவரைக் கும்பகர்ணன் என்று நாம் அழைக்கிறோம். குறட்டையை நகைச்சுவையாகவும், ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகவும் கொள்கிறோம். 'குறட்டை விட்டுத் தூங்குகிறான்' என்றால் கவலையின்றி உறங்குகிறான் என்பதே நம் வழக்கில் பொருள். குறட்டை விடும் எல்லாரும் நோயாளிகள் அல்லர். ஆயினும் உரத்த குறட்டையும், இடையில் ஓர் அமைதியும், அதன்பின் வெடித்தெழும் மூச்சும் கவலையற்ற உறக்கத்தின் அடையாளங்கள் அல்ல. மொழி ஓர் அறிகுறியை நலத்தின் சான்றாக மாற்றி வைத்திருப்பதால், அதனை நாம் கேட்டும் கேளாதவராய் இருக்கிறோம்.

இதன் பரப்பு சிறிதன்று. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 30 முதல் 60 வயது வரையுள்ள 602 பேரை ஆராய்ந்து 1993இல் வெளியான கட்டுரை, ஆண்களில் 24 விழுக்காட்டினர்க்கும் பெண்களில் 9 விழுக்காட்டினர்க்கும் மணிக்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சடைப்புகள் இருப்பதைக் காட்டிற்று. சிங்கப்பூரில் பல இனத்தவரிடையே நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 30 விழுக்காட்டினர்க்கு நடுத்தரமான அல்லது கடுமையான நிலை காணப்பட்டது. அவர்களுள் பத்தில் ஒன்பது பேர் அதுவரை தம் நோயை அறியாதவர்கள்.

பேச்சுறுப்பும் மூச்சு வழியும்

காரணங்களுக்கு வருவோம். தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துகள் பிறக்கும் இடங்களைத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டாக வகுப்பதை நாம் அறிவோம். உறக்க மூச்சடைப்பு நிகழும் இடங்கள் இவற்றுள் மூன்று: மெல்லண்ணம், நாவின் அடி, மிடறு. இவ்வொற்றுமை தற்செயலா?

பிற பாலூட்டிகள் பலவற்றில் குரல்வளை உயரத்தில் மூக்கின் பின்புறத்தை ஒட்டி அமைந்துள்ளது. மனிதக் குழந்தைக்கும் தொடக்கத்தில் அவ்வாறே. வளர வளரக் குரல்வளை கீழிறங்குகிறது. நாவின் பின்பகுதியும் தொண்டைக்குள் இறங்குகிறது. நாவின் பின்னே ஒரு நெடிய குழல் உருவாகிறது. எலும்போ குருத்தெலும்போ வளையமாகத் தாங்காத, தசையாலான குழல் அது. ஆகாரம் ஈகாரம் ஊகாரம் என்னும் உயிர்களைத் தெளிவாக வேறுபடுத்தி ஒலிக்க இக்குழல் பெரிதும் துணைசெய்கிறது என்பதை 1970களில் பிலிப் லீபர்மன் போன்றோர் வலியுறுத்தினர். வளையக்கூடியதாய் இருப்பதே அதன் சிறப்பு. அதுவே அதன் குறையும் ஆயிற்று. பேச்சுக்காக மனிதர் பெற்ற இவ்வமைப்பே உறக்க மூச்சடைப்புக்கும் வழிவகுத்தது என்று 2003இல் டேவிட்சன் என்னும் மருத்துவர் எழுதினார். இக்கருதுகோளை அளவோடு கொள்ள வேண்டும். செம்மானின் ஆண் இனத்திற்கும் குரல்வளை தாழ்ந்திருப்பதை ஃபிட்ச், ரெபி ஆகியோர் 2001இல் காட்டினர். ஆகவே குரல்வளை இறங்கியதற்குப் பேச்சு ஒன்றே காரணம் என முடிந்த முடிபாகக் கூற இயலாது. ஆயினும் வளையும் குழல் மூடவும் கூடியது என்பதில் ஐயமில்லை.

பகலில் அக்குழல் மூடாதிருப்பது எவ்வாறு? முகவாய் எலும்பின் உட்புறத்தில் தொடங்கி, விசிறிபோல் விரிந்து நாவினுள் பரவும் தசை ஒன்று உண்டு. நாவை முன்னிழுத்து வழியைத் திறந்து வைப்பது அதுவே. ஒவ்வொரு மூச்சிழுப்பின்போதும் உள்ளே ஓர் உறிஞ்சல் உண்டாகிறது. அத்தசை அதனை எதிர்த்து நிற்கிறது. உறக்கத்தில் அது தளர்கிறது. உறிஞ்சல் மேலோங்கும்போது குழல் மூடுகிறது என்பதை 1978இல் ரெம்மர்ஸும் அவர்தம் குழுவினரும் அளந்து காட்டினர்.

எனினும் உறங்கும் எல்லார்க்கும் இத்தசை தளர்கிறது. எல்லார்க்கும் நோய் வருவதில்லை. ஆகவே ஆய்வாளர்கள் இன்று நான்கு கூறுகளைப் பிரித்து நோக்குகின்றனர். வழி எந்த அளவுக்கு ஒடுங்கியது, எளிதில் மடியக்கூடியது என்பது முதற்கூறு. கழுத்திலும் நாவிலும் சேரும் கொழுப்பு, பின்வாங்கிய கீழ்த்தாடை, பருத்த உள்நாக்குச் சதை ஆகியவை இதில் அடங்கும். ஆசிய இனத்தவருள் மெலிந்த உடலினர்க்கும் இந்நோய் வருவதற்கு முக எலும்பின் அமைப்பு ஒரு காரணம். உறக்கத்தில் தசை எந்த அளவுக்கு விழிப்போடு எதிர்வினை புரிகிறது என்பது இரண்டாம் கூறு. சிறு தடைக்கே உறக்கம் கலைந்துவிடுகிறதா என்பது மூன்றாம் கூறு. மூச்சைக் கட்டுப்படுத்தும் அமைப்பு நிதானமாக இயங்குகிறதா, மிகையாகத் துள்ளுகிறதா என்பது நான்காம் கூறு. ஒரே பெயருடைய நோய், நால்வரிடம் நான்கு காரணங்களால் அமையலாம். ஒரே மருந்து அனைவர்க்கும் ஒவ்வாமைக்கு இதுவே விளக்கம்.

மருத்துவத்தின் வழி

முதலில் கிடைத்த மருத்துவம் பேச்சை விலையாகக் கேட்டது. 1969இல் ஜெர்மனியில் கடுமையான நோயுடையவர்க்குக் கழுத்தில் மூச்சுக்குழாயைத் துளையிட்டனர். அடைப்புக்குக் கீழே மூச்சு நுழைந்ததால் நோய் நீங்கிற்று. ஆனால் துளை திறந்திருக்கையில் காற்று குரல்வளையை எட்டாது, குரல் எழாது. பகலில் துளையை மூடிப் பேசவும் இரவில் திறந்து உறங்கவும் நோயாளிகள் பழகினர்.

இந்நிலையை மாற்றியவர் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன். முகமூடி ஒன்றன் வழியாக மூக்கினுள் இடையறாது மென்காற்றைச் செலுத்தினால், அக்காற்றே முறிந்த எலும்புக்குக் கட்டும் சிம்பு போல உள்ளிருந்து தொண்டையைத் தாங்கும் என்று அவர் கருதினார். சிட்னியில் ஐந்து நோயாளிகளிடம் இதனைச் செய்துகாட்டி, 1981இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். 'சீபேப்' என்று இன்று வழங்கும் கருவியின் தொடக்கம் இது. முதன்மையான மருத்துவம் இன்றும் இதுவே. அதே ஆண்டில் மெல்லண்ணத்தைச் சீர்செய்யும் அறுவைமுறையை ஃபுஜிதா அறிமுகப்படுத்தினார். கீழ்த்தாடையை முன்னிழுத்து வைக்கும் பல்லணிகள் இலேசான, நடுத்தரமான நிலையினர்க்குப் பயன்படுகின்றன. நாவை இயக்கும் நரம்பை மூச்சோடு இயைந்து தூண்டும் கருவியை உடலினுள் பொருத்தும் முறை 2014இல் 126 பேரிடம் ஆராய்ந்து வெளியிடப்பட்டது. ஓராண்டில் மணிக்கணக்கின் நடுமதிப்பு 29.3இலிருந்து 9ஆகக் குறைந்தது. உடற்பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான மூச்சடைப்பு உடையவர்க்கு டிர்செபடைடு என்னும் ஊசிமருந்தை அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2024 டிசம்பரில் ஏற்றது.

கருவி இருப்பது வேறு. அதை அணிவது வேறு. இதயநோயோ பக்கவாதமோ ஏற்கெனவே உடையவர்களாய் மூச்சடைப்பும் உள்ள 2,700க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2016இல் வெளியான முடிவு, சீபேப் அவர்களுக்கு மீண்டும் இதயத் தாக்குகளைக் குறைக்கவில்லை என்றது. ஆனால் அவர்கள் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே அதனை அணிந்திருந்தனர். அவ்வளவுக்கே பகலுறக்கம் குறைந்தது. மனநிலையும் வாழ்க்கைத்தரமும் மேம்பட்டன. முகமூடியை ஏன் அணிய வேண்டும், எப்படிப் பொருத்த வேண்டும் என்று நோயாளிக்கு விளங்கும் மொழியில் ஒருவர் அமர்ந்து சொல்லுதல் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்று நாம் கொள்கிறோம்.

நம் துறையினர் கவனிக்கத்தக்க ஆய்வுகள் இரண்டு. சுவிட்சர்லாந்தில் 25 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூ என்னும் ஊதுகருவியை நான்கு திங்கள் பயின்றவர்க்கு மூச்சடைப்பும் பகலுறக்கமும் குறைந்ததைக் காட்டிற்று. பிரேசிலில் நடுத்தர நிலையினர் 31 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், பேச்சுப் பயிற்சியிலிருந்து எடுத்த நாப்பயிற்சி, அண்ணப்பயிற்சி, உயிரொலிகளை ஒலிக்கும் பயிற்சி ஆகியவை அளிக்கப்பட்டன. மூன்று திங்களில் மணிக்கணக்கு ஏறத்தாழ 22இலிருந்து 14க்கு இறங்கிற்று. இவை சிறிய ஆய்வுகள். நோய் குறைந்ததேயன்றி நீங்கவில்லை. ஆகவே ழகரத்தை நாள்தோறும் நூறு முறை ஒலித்தால் குறட்டை தீரும் என்று எவரேனும் பரப்பினால் நம்ப வேண்டா. கருவியைக் கழற்றி வைக்கவும் வேண்டா. பேச்சும் மூச்சும் ஒரே தசைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதற்கு இவை நற்சான்று, அவ்வளவே.

வகுப்பறையில்

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். குழந்தைகளுக்கு வரும் உறக்க மூச்சடைப்புக்குப் பெரும்பாலும் பருத்த உள்நாக்குச் சதையும் மூக்கின் பின்னுள்ள சதையுமே காரணம். அக்குழந்தை பெரியவரைப்போல் தூங்கி வழிவதில்லை. வாயால் மூச்சுவிடும், பரபரக்கும், சினக்கும், கவனம் சிதறும். நாம் அதனை 'அடங்காப்பிள்ளை' என்றோ 'படிப்பில் நாட்டமில்லை' என்றோ குறித்துவிடுவோம்.

5 முதல் 9 வயதுவரையுள்ள 464 குழந்தைகளிடம் நடந்து 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அச்சதைகளை விரைந்து அகற்றியவர்களுள் 79 விழுக்காட்டினர்க்கு ஏழு திங்களில் உறக்க மூச்சு இயல்பாயிற்று. அறுவையின்றிக் கவனித்துக் காத்தவர்களுள்ளும் 46 விழுக்காட்டினர்க்கு இயல்பாயிற்று. கவனத்தை அளக்கும் தேர்வில் இரு பிரிவினர்க்கும் தெளிவான வேறுபாடு இல்லை. நடத்தையும் வாழ்க்கைத்தரமும் அறுவை செய்தோரிடம் கூடுதலாக மேம்பட்டன. ஆகவே எல்லாக் குழந்தைக்கும் அறுவை வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒரு குழந்தையைச் சோம்பேறி என்று பெயரிடுமுன் 'இரவில் குறட்டை விடுகிறானா?' என்று பெற்றோரைக் கேட்பதற்குச் செலவு ஏதுமில்லை.

தன்மையிடம் இல்லாத நோய்

இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவிடம் கற்பிக்கிறோம். 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பது தன்மைக் கூற்று. 'என் மூச்சு நேற்றிரவு நின்றது' என்று எவரும் தாமே கண்டு சொல்லமுடியாது. 'அவர் மூச்சு நின்றது' என்று அருகில் படுத்தவர்தாம் சொல்ல இயலும். உறக்க மூச்சடைப்பு தன்மையிடம் இல்லாத நோய். ஆகவே தனித்து வாழும் முதியவர்க்குச் சாட்சியே இல்லை. குறட்டையைச் சொல்ல நாணும் பெண்களுக்குச் சாட்சி இருந்தும் பேச்சு எழுவதில்லை. அவர்கள் களைப்பு, தலைவலி, உறக்கமின்மை என்றே மருத்துவரிடம் முறையிடுவர்.

எஞ்சியிருக்கும் தன்மைச் சான்றுகளுள் முதன்மையானது பகலுறக்கம். அதனை அளக்க 1991இல் மெல்போர்ன் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் எட்டுச் சூழல்கள் கொண்ட வினாநிரலை வகுத்தார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பு. அதனை மொழிபெயர்க்கையில் சொல்தேர்வு முதன்மையாகிறது. 'பகலில் தூங்குவீர்களா?' என்று கேட்டால், பாய்விரித்துப் படுப்பதையே பெரியவர் நினைப்பார், 'இல்லை' என்பார். பெருவிரைவு ரயிலில் இறங்க வேண்டிய நிலையத்தை இருமுறை தவறவிட்டவராகவும் அவர் இருக்கக்கூடும். தூங்குதல் என்னும் சொல்லுக்குப் பழம்பொருள் தொங்குதல், அசைதல் என்பதாகும். தூங்கணாங்குருவி இன்றும் அதற்குச் சான்று. தலை தொங்க அமர்ந்தபடியே கண்ணயர்வதைக் குறிக்கத் 'தூங்கி விழுதல்', 'கண்ணயர்தல்' என்னும் வழக்குகள் நம்மிடம் உள்ளன. 'உங்களையறியாமல் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுவதுண்டா?' என்று கேட்டால் உரிய விடை கிடைக்கும்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் பலர் தாத்தா பாட்டியுடன் பலதுறை மருந்தகத்துக்குச் சென்று, ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையே பாலமாய் நிற்பவர்கள். அங்கே மூன்று வினாக்களை நினைவில் கொள்ளுங்கள். உறங்கும்போது மூச்சு நின்று மீள்வதை வீட்டில் எவரேனும் கண்டதுண்டா? எவ்வளவு நேரம் உறங்கினாலும் காலையில் அசதி தீர்வதில்லையா? உட்கார்ந்தபடியே கண்ணயர்வதுண்டா? முதல் வினாவைப் பாட்டியைப் பற்றித் தாத்தாவிடமும், தாத்தாவைப் பற்றிப் பாட்டியிடமும் கேளுங்கள். விடை 'உண்டு' எனில் அதனைத் திருத்தாமல், குறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். உறக்கத்தை அளந்து நோயை உறுதிசெய்வது அவர்கள் பணி.

மொழி மன்றத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். இத்தகைய நோய்ப்பெயர்களையும் வினாநிரல்களையும் மருத்துவரும் மொழியாசிரியரும் ஒருங்கிருந்து தமிழில் அமைத்து, முதியவர்களிடம் கேட்டுப்பார்த்து, அவர்கள் எவ்வாறு விளங்கிக்கொள்கிறார்கள் என்று சோதித்தபின் வெளியிட வேண்டும். அகராதியில் சரியாக இருக்கும் சொல், மருந்தகத்தில் சரியாக விளங்கினால்தான் பயன்தரும்.